டாக்டரம்மா விட்ட முதல் கேள்வி

கடைத்தெருவில் ஒரு வதந்தி. முகத்துக்குக் கண்ட இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசும் தோல் டாக்டரம்மாவுக்கு, மூலைக் கட்டடத்து அழகு நிலையத்தில் ரகசியப் பங்கு இருக்கிறதாம். சொன்னவர்கள் கண், காது, மூக்கு வைத்ததோடு நிற்காமல் உதடும் வைத்திருந்தார்கள். அதுவும் கொஞ்சம் உப்பலாகவே.

விசாரித்துப் பார்த்தால் பங்குமில்லை, ஒரு மண்ணுமில்லை. அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் டாக்டரம்மாவின் படம் போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று மாட்டியிருந்தது, அவ்வளவுதான். விழிப்புணர்வுக் கூட்டத்தில் வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தது. பார்லர்க்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முன்னால் கைதட்டி, ஒன்றை வாங்கிப்போய் லாமினேட் செய்து மாட்டிவிட்டார்.

ஆக, வதந்தி பொய். ஆனால் இந்தப் பொய்யே மெய்யாக இருந்திருந்தால் தேவலை என்று டாக்டரம்மா நினைத்ததுண்டு. பங்கு என்றால் விற்றுத் தொலைக்கலாம். நடந்ததை என்ன செய்வது?

அவர் ஒன்றும் பெரிய டாக்டர் இல்லை. மருந்துக் கடைக்கு மேல் மாடியில், மின்விசிறி முனகும் ஓர் அறை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படர்தாமரை, மீதிப் பேருக்கு முடி கொட்டுகிறது. ஒவ்வொரு முகத்துக்குப் பிறகும் கை கழுவுவார். "கையில ரேகையாவது மிச்சம் இருக்கா?" என்பார் கணக்கு வாத்தியாரான கணவர்.

முகத்துக் கோடும் குழியும் மறைய மருந்து நிரப்பும் ஊசி தெருவுக்குத் தெரு முளைத்த காலத்தில், ஊரின் தோல் டாக்டர்கள் சிலர் கூடினார்கள். ஊசிக்கு முன் மக்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்று அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதினார்கள். டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா, என் கண்முன்னே பிரிப்பீர்களா, காலாவதித் தேதி என்ன, ஊசி புதிதா. எல்லாவற்றுக்கும் மேலே டாக்டரம்மாவே எழுதியிருந்த கேள்வி: "நீங்கள் டாக்டரா?" எழுதிய கையாலேயே அதை அடித்தவரும் அவர்தான்.

"டாக்டர்கிட்டயே வாங்கன்னு டாக்டரே சொன்னா, கடைக்கு ஆள் பிடிக்கிற மாதிரி இருக்காதா? அதெல்லாம் தெரியாதவங்க யாரு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நாகரிகம் பாருங்கள், அது தலையாட்டத்தான் வைக்கும்.

பிரசுரம் கொடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு, எதிர்ச் சாரியில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவும் வந்திருந்தார். அளவு பார்க்க ஆளுயரக் கண்ணாடி முன்னால் நாள் முழுக்க நிற்கிற பிழைப்பு. பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர்கள் கண்ணாடியிலேயே அவர் முகத்தைப் பார்த்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்பார்கள். உடம்பு கல்லு மாதிரி இருந்தது. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கிய கோடுதான் அப்படிச் சொல்ல வைத்தது.

ஒரு சாயங்காலம் அதே அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கையை எடுக்கச் சொல்லி டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். மூக்கோரம் வெளிறி, சுற்றிலும் நீல வலை படர்ந்திருந்தது. நிரப்பிய மருந்து ரத்தக் குழாயை அடைத்திருந்தது.

"எங்க போட்டீங்க?"

"மூலை பார்லர்ல. மத்தியானம். வலிக்குதுன்னேன், ஐஸ் வைங்கன்னாங்க."

கரைக்கும் மருந்தை டாக்டரம்மா ஏற்றினார், காத்திருந்தார், மறுபடி ஏற்றினார். வெளிறிய இடத்தில் மெல்லச் சிவப்பு திரும்பியது. வலி கொஞ்சம் அடங்கியதும் அக்காவுக்கு வாய் வந்தது.

"நீங்க சொன்ன கேள்வி எல்லாம் கேட்டேன் டாக்டர், ஒண்ணு விடல. டக்கு டக்குன்னு பதில் சொன்னாங்க. டப்பாவை என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுத்தான் பிரிச்சாங்க. பக்கத்துல நீங்களே நிக்கிற மாதிரி இருந்துச்சு."

டாக்டரம்மா கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் நேரே அழகு நிலையத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். பார்லர்க்காரம்மா அசரவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியேதானே மேடம் செஞ்சேன்? மருந்து அசல், ஊசி புதுசு. நான் டாக்டர்னா சொன்னேன்? அவங்களும் கேக்கல. நீங்களும் கேக்கச் சொல்லல."

புகார் போனது, ஊசி அறைக்குப் பூட்டு விழுந்தது. அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பூட்டுப் போட மட்டும் எந்த அதிகாரியும் வரவில்லை. அக்காவின் மூக்கோரத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "முதல் கேள்வி, நீங்க டாக்டரா? இதுக்குப் பயிற்சி எடுத்தவரா? இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. மத்த கேள்வியே வேண்டாம்." முன்வரிசையில், தன் வாடிக்கையாளர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்த அக்கா. என் டாக்டர் என்கிற பெருமையில் ஓயாமல் கைதட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், போன தடவையும் இதைச் சொன்னீங்கதானே? எப்படி விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. வீட்டுக்காரர் வேற, உனக்குப் பாதிதான் காதுல விழும்னு தினம் குத்திக் காட்டுறாரு. சொன்னீங்கதானே?"

சொல்லவில்லை, நான்தான் அடித்தேன். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. சுற்றி அக்காவின் ஆட்கள், பின்னால் ஒலிபெருக்கியைச் சுருட்டுகிறவர்.

"அது வந்து... கிளினிக்குக்கு வாங்களேன், நிதானமா பேசுவோம்."

அக்கா வந்தார். டாக்டரம்மா தழும்பைத் தொட்டுப் பார்த்தார், களிம்பு எழுதினார், வெயிலில் போகாதீர்கள் என்றார். அக்கா படியிறங்கும்போது தானாகவே சொல்லிக்கொண்டார்: "சொல்லித்தான் இருப்பீங்க. எனக்குத்தான் காது அடைச்சுப் போச்சு."

மேலே குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பிறகும் அக்கா களிம்புக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறார். பதில்தான் இன்னும் பாக்கி.