மச்சானின் சிறுநீரும் மும்மொழி வைத்தியமும்

போன வாரம் பெங்களூரில் ஒரு டாக்டர் முன்னால் திருட்டு முழி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோயாளி நானில்லை. என் மனைவியின் அண்ணன் — ஜவளகிரியில் ராகியும் கொள்ளும் பயிரிடுகிற மச்சான்.

"ரத்தம் முதல்ல எப்பங்க போச்சு?" என்றார் டாக்டர்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் காலை மச்சானுக்குச் சிறுநீர் செக்கச்செவேலென்று போயிருக்கிறது. ஓசூர் சந்தைக்கு வந்தவர் என் காதோடு சொன்னார்: "வலி கிலி ஒண்ணுமில்ல மாப்ள. கலர் மட்டுந்தான்."

வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார். வலிக்காததை நாம் நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லையே.

வாராவாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உடம்புச் சூடு மச்சான். பார்லிக் கஞ்சி குடிங்க." குடித்தார். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஆஹா... என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் சிவப்பு. எங்கள் எல்லைப்பக்கம் வைத்தியத்துக்கா பஞ்சம்? தமிழில் தீராவிட்டால் தெலுங்கு, தெலுங்கில் தீராவிட்டால் கன்னடம். பக்கத்துத் தோட்டக்காரர் 'கல்லடைப்பு' என்று தெலுங்கில் தீர்ப்புச் சொல்லி, கொள்ளு வேகவைத்த தண்ணீர் கொடுத்தார். நின்றது. மூன்றாம் முறை ஒரு மாட்டுத் தரகர் வந்தார். பெங்களூர் மார்க்கெட் பீட்ரூட்தான் குற்றவாளி என்று கன்னடத்தில் கண்டுபிடித்தார். பீட்ரூட்டைத் தள்ளிவைத்தார்கள். அப்போதும் நின்றது.

யார் வைத்தியம் பலித்தது என்று எங்கள் மூவருக்குள்ளும் போட்டியே நடந்தது. அது தானாக வரும், தானாக நிற்கும் என்று எங்களில் எவனுக்குத் தெரியும்?

பிறகு மச்சான் இளைக்க ஆரம்பித்தார். பசியில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். ஆள் இளைக்கிறார், ஆனால் அரைஞாண் கயிறு மட்டும் இடது பக்கம் இறுகுகிறது! தடவிப் பார்த்தால் விலாவுக்குக் கீழே தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கட்டி. அதையும் வாயு என்றார்கள். இடது பக்கம் மட்டும் குடியிருக்கிற வாயுவாம். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "கல்லுன்னா துடிக்கத் துடிக்க வலிக்கும். கட்டி சத்தமில்லாம வளருங்க." பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தின் சதையிலேயே வருகிற புற்றுநோய்க் கட்டி ஒரு வகை. மச்சானுக்கு அதுதான். சிறுநீரகத்துக்குள்ளேயே சிறுநீர் சேருகிற குழியில் வருவது இன்னொன்று. சின்னக் குழந்தைகளுக்கு வருவது வேறு. குளிப்பாட்டும்போது தாயின் கையில்தான் முதலில் தட்டுப்படுமாம். கெடுதல் செய்யாத சாதுக் கட்டிகளும் உண்டாம், ஆனால் அபூர்வம்.

"எதனால வருது டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார்.

எட்டு மாதத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவர் இவர் ஒருவர்தான். இத்தனைக்கும் இவர்தான் படித்தவர். படிக்காத எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். "அங்கயும் பரவிடுச்சு. இனிமே ஆபரேஷன் செஞ்சு பிரயோஜனமில்லீங்க."

மச்சான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "மொத தடவையே வந்திருந்தா?"

"அந்த ஒரு கிட்னியை எடுத்திருப்போம். இன்னொண்ண வெச்சே மனுஷன் வாழலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் மச்சான் என் தோளைத் தொட்டார். "விடுங்க மாப்ள. நீங்க கெட்டதுக்கா சொன்னீங்க?" என்றார். அதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகையால் வாசகர்களே, ஒரே ஒரு தரம் ரத்தம் தெரிந்தாலும், வலிக்காவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், என்னைப் போன்ற மேதாவிகளிடம் காட்டாதீர்கள். பாட்டிலில் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

பஸ்ஸில் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால்... பாட்டிலைச் சுற்ற இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளுங்கள்.