ஆறு பிரிட்ஜின் விலை

கூலிங் அண்ணனை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பிரிட்ஜ் ரிப்பேரில் மனிதர் புலி. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வேலை முடிந்ததும் கூலி கேட்கச் சொல்லுங்கள், பார்ப்போம்! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“பாத்துக் குடுங்க” என்பார். வேலை கொடுத்தவர்களும் நன்றாகவே பார்த்தார்கள். “கையில காசு இல்லண்ணே, இந்தப் பழைய பிரிட்ஜ எடுத்துக்கங்களேன். அஞ்சாயிரம் தேறும்” என்று அவர் தலையில் கட்டினார்கள். இவரும் லாட்டரி விழுந்த மாதிரி, வண்டி வாடகையைத் தன் பையிலிருந்தே கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார்.

இப்படியாக இரண்டு அறை வீட்டில் ஏழு பிரிட்ஜ். ஓடுவது ஒன்றுதான். மற்றவற்றில், ஒன்றில் மனைவியின் துணிமணி, ஒன்றில் மகளின் புத்தகங்கள், ஒன்றில் வெங்காயம். மூலையில் நின்ற பச்சை பிரிட்ஜின் பிரீசரில் பேங்கிலிருந்து வந்த கடன் கடிதங்கள். கடிதம் வந்தால் பிரிக்காமல் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார். வட்டி உறைந்துபோகும் என்று நினைத்தாரோ என்னவோ!

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பதாயிரம் கட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். “பரவாயில்லப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பச்சை பிரிட்ஜைத் திறந்து கடிதங்களைத் தரையில் கொட்டினாள்.

“ஒண்ணொண்ணா படிங்க. நான் எழுதிக்கறேன்.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்? ஆறு பிரிட்ஜ் இருக்கில்ல? அஞ்சஞ்சாயிரம்னா முப்பது ஆச்சு. பீஸுக்குச் சரியாப் போச்சு.”

“அப்படின்னா வித்துடுங்க. ஆனா இதயும் படிங்க.”

படித்தார். அவர் பயந்த அளவுக்குக் கடன் இல்லை. பிரிக்காமல் வைத்ததால் ஏறிய அபராதம்தான் பாதி. மனைவி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் பழைய சாமான் வியாபாரி தராசோடு வந்தார்.

“நாலாயிரத்து எரநூறு தரேண்ணே.”

“ஒண்ணுக்கா?”

“நல்லா கேட்டீங்க! ஆறுக்கும் சேத்து.”

இருபது வருஷக் கூலி குட்டி வண்டி ஒன்றில் ஏறிப் போய்விட்டது. பாயில் குவிந்து கிடந்த துணிகளை மனைவி மடித்துக்கொண்டிருந்தாள். தையலில் அவள் சேர்த்தது பதினைந்தாயிரம். இன்னும் ஏறக்குறைய பதினோராயிரம் வேண்டும்.

“லேடீஸ் ஹாஸ்டல் நடத்துற அம்மா எவ்வளவு பாக்கி?”

“மூணு பிரிட்ஜ் ரிப்பேர் பாத்தேன். பதினோராயிரம் வரும்.”

“போய்க் கேளுங்க.”

“எப்படிக் கேக்கறது?”

“என் கூலியக் குடுங்கன்னு. மூணே வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?”

செவ்வாய்க்கிழமை ஹாஸ்டல் மாடிப்படியில் அந்த மூன்று வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு மணியை அழுத்தினார்.

“அட, கூலிங் அண்ணனா! நல்ல நேரத்துல வந்தீங்க. பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கறீங்களா?”

“வேணாம்மா. என் கூலியக் குடுங்க.”

சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அந்த அம்மாள் திகைத்து, எவ்வளவு என்று கேட்டாள். சொன்னார். உள்ளே போய் எடுத்து வந்து, எண்ணிக் கையில் கொடுத்தாள்.

“முன்னாடியே கேட்டிருக்கலாமே! உங்களுக்குப் பழைய சாமான்னா உசுருன்னுல்ல நெனச்சேன்.”

கீழே வரும்போது பாதிப் படியில் நின்றார். அங்கேயே உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டார். விம்மல்தான் வந்தது. அவள் பதறிப்போனாள்.

“குடுக்கலயா?”

“குடுத்துட்டாங்க. மொத்தமும்.”

“அப்புறம் எதுக்கு அழறீங்க?”

“கேட்டதும் குடுத்துட்டாங்க.”