வலிக்காத உள்ளங்கை

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நானும் என் அண்ணன் மனைவியும் வேலை பார்க்கிறோம். விறகுச் சூட்டைக் கொண்டுபோகும் தகரக் குழாய் அறை நெடுக ஓடும். போன வருஷம் ஒருநாள் காலையில் மதினி கால் இடறி, வலக்கையை அந்தக் குழாயில் ஊன்றிவிட்டாள்.

"ஐயோ, எரியுதே!" என்று முழங்கைப் பக்கம் காட்டி அலறினாள். அங்கே செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்பது எங்கள் ஸ்டோர் சட்டம். எல்லாம் தெரிந்தவள் மாதிரி அதிகாரம் பண்ணுகிறவள் நான்; பல் தேய்க்கிற பேஸ்டை எடுத்து அப்பினேன். உள்ளங்கை மட்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது.

"இங்க வலிக்குதா மதினி?"

"இல்லடி, மரத்துப் போச்சு."

அப்போது "அப்பாடா" என்றேன் பாருங்கள், அதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம். உள்ளங்கை தப்பித்தது என்று நினைத்து, சாயங்கால ஜீப்பு வரும்வரை அவளை உட்கார்த்தி வைத்தேன்.

போடி ஆஸ்பத்திரியில் நர்சம்மா பேஸ்டைத் துடைத்துக்கொண்டே திட்டித் தீர்த்தார். "செவந்து எரியிற எடம் வெரசா ஆறிரும். வெளுத்து, வலியில்லாமக் கெடக்கே, அங்கதாம்மா ஆழமா வெந்திருக்கு. ஒடனே குழாத்தண்ணியில இருவது நிமிசம் காட்டி, சுத்தமான துணியப் போத்திக் கொண்டாந்திருக்க வேண்டாமா?"

காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற கை அது. இனி விரல் மடங்குமா என்று கேட்டதற்கு, டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்தார்கள். காயம் ஆறியதும் தினமும் ஒரு துணிப்பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். மதினி அமுக்குவாள், கூடவே என்னைத் திட்டுவாள். எனக்கு அது வேண்டியதுதான்.

இந்த மாசம் சோறு வடிக்கும்போது கொதிகஞ்சி என் புறங்கையில் கொட்டிவிட்டது. பழக்கதோஷம், பேஸ்டைத் தேடினேன்.

"அடி கூறுகெட்டவளே!" மதினி பாய்ந்து வந்து என் வளையலை உருவிப் போட்டாள். மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப்போய், ஓடும் தண்ணீரில் காட்டினாள்.

"எரியுதா?"

"உயிரு போகுது மதினி!"

"எரியட்டும், நல்லா எரியட்டும்!" என்று சிரித்தாள்.

இருபது நிமிஷமும் அவள் பிடியை விடவில்லை. எரிச்சலில் துடித்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். அந்த வலக்கையின் ஐந்து விரலும் என் மணிக்கட்டைச் சுற்றி இறுக மடங்கியிருந்தன.