நஸீர் நானாவின் கதிரைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் பக்கத்திலுள்ள திகனவுக்கு மாற்றலாகி வந்த பிறகு என் வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்ததில்லை.

இன்று பின்னேரம் நல்ல மழை. சத்தத்தைக் கூட்டி வைத்து, டிவியில் ஒரு இசைக் கச்சேரிப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் பக்கத்து வீட்டு நஸீர் நானா, அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகளோடு நனைந்தபடி நிற்கிறார். இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் விசேஷமென்றால் அயல்வீட்டுக் கதிரைகளும் அங்கே போய்விடும்.

"ஊட்டுல விசேஷம் போல. ஒரே கைதட்டுற சத்தம். கதிர பத்தாதுன்டு கொண்டு வந்தேன்."

"ஒருத்தரும் இல்லை நானா. அது டிவி."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் மைதானம் நிறையச் சனம். முன்னால் என் ஒற்றைக் கதிரை.

ஒரு கதிரையை இறக்கி, பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கடைசிப் பாட்டுக்கு இரண்டு பேரும் கைதட்டினோம்.

"கதிரைகளைக் கொண்டு போங்கோ நானா."

"ஈக்கட்டும். யாராச்சும் வருவாங்க தானே."

கண்டிப் பக்கம் இருக்கும் நண்பர்களே, அவை விறாந்தையில் அப்படியே கிடக்கின்றன. அவர் திருப்பிக் கேட்பதற்குள் ஓராளாவது வந்து உட்கார்ந்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.