திரைக்குப் பின்னால் ஒரு சிவப்பு மூடி

ராக்கெட் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இன்னொருதடவை அக்கா’ என்றால்தான் தெரியும். முடுக்கிய போல்ட்டை, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று மறுபடி தொட்டுப் பார்க்காமல் அந்த மனுஷியால் நகரவே முடியாது. பதினெட்டு வருடத்தில் அவள் கை பட்ட ஒன்றும் கழன்றதில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தச் சோதனை வந்தது.

அன்று ஏற்ற வந்தது போட்டிக் கம்பெனியின் செயற்கைக்கோள். வெளியே இரண்டு கம்பெனிகளும் முட்டி மோதிக்கொள்ளும். ஆனால் அவர்களிடம் ராக்கெட் இல்லை. இவர்களுக்கோ வந்த வாடிக்கையை விட மனமில்லை. விருந்தாளியைச் சுற்றித் திரை கட்டிவிடுவார்கள். உள்ளே அவர்களுடைய ஆட்கள் மட்டும். அதை ராக்கெட்டோடு இணைக்கும் அடி வளையத்தில் போல்ட் முடுக்கப் போகிற இவர்கள் ஆட்கள் வேறெதையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேலை போய்விடும். அப்படிக் கையெழுத்துப் போட்டுத்தான் நுழையவே முடியும்.

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தவள், திரை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டாள். பாழாய்ப்போன பழக்கம்! செயற்கைக்கோளின் எஞ்சின் வாயில் ஒரு சிவப்பு மூடி. தூசி போகாமலிருக்கப் போடுவது, பறக்கும் முன் கழற்ற வேண்டியது. வெளியே அவர்களுடைய ஆட்கள் எல்லாம் முடிந்ததென்று கையெழுத்தே போட்டாயிற்று. மூன்று மணிக்குச் செயற்கைக்கோளைச் சுற்றி ராக்கெட்டின் மேல்கூட்டை மூடிவிடுவார்கள்; அப்புறம் கழற்ற வழியில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் இதே கம்பெனியில் சொந்தச் செயற்கைக்கோள் பிரிவில் இருப்பவன். போட்டிக்காரனுடையது மேலே போய் வேலை செய்தால் அந்தப் பிரிவுக்கு மூடுவிழாதான்.

“நீ எதையும் பாக்கல. வாயைத் தெறக்காதே,” என்றான். “உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். பொண்ணு காலேஜ்ல படிக்கிறா, ஞாபகம் வச்சுக்கோ.”

அவள் தட்டைத் தொடவில்லை. மூன்று முறை போய்க் கை கழுவினாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவர் சொல்வதில் என்ன தப்பு என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். மனசு கேட்டால்தானே! இரண்டரை மணிக்குப் போட்டிக் கம்பெனி மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், எஞ்சின் வாய்ல ஒரு மூடி கழட்டாம இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எட்டிப் பாத்தேன்.”

அவர் உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் மூடி இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

“ரொம்ப நன்றிம்மா. ஆனா நீங்க பாத்ததை நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க சார்.”

சாயங்காலத்துக்குள் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் காலை ராக்கெட் கிளம்பியது. செயற்கைக்கோள் தன் எஞ்சினைப் பற்றவைத்து உயரப் போய்விட்டதாக மதியச் செய்தியில் சொன்னார்கள்.

அவன் டிவியை அணைத்தான். “மூடியோட போயிருந்தா வெடிச்சிருக்கும்,” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, “நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்,” என்றான்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். வேலை போன அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.