பதினேழு கிலோவா, பதினைந்து கிலோவா?

இன்று காலை கோயில் மண்டபத்தில் இலவசக் கணக்கு வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைத் தாண்டி யாரை அதிபராக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எரிச்சலோடுதான் போனேன்.

பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று தேயிலைத் தோட்டத்துக் கணக்கையே கொடுத்தேன். அம்மா காலையில் எட்டுக் கிலோ கொழுந்து பறித்தார், பின்னேரம் ஒன்பது. மொத்தம் எவ்வளவு?

மூன்றாம் வகுப்பு கவிதா எழுந்து, "பதினஞ்சு சார்" என்றாள்.

"கூட்டத் தெரியாதா? மூளைய லயத்துலயே வச்சிட்டு வந்தியா?" என்றேன்.

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கண் கலங்கியது.

"பதினேழுதான் சார் வருது. நிறுக்கிறப்ப ரெண்டு கிலோ கழிப்பாங்கல்ல? அதையும் கழிச்சிட்டேன்."

"எதுக்குக் கழிக்கிறாங்க?"

"சாக்குக்கு, ஈரத்துக்குன்னு சொல்லுவாங்க. மழ இல்லாட்டியும் கழிப்பாங்க."

சிரித்த பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நானும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், அதே லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மாவின் கொழுந்திலும் இப்படித்தான் கழித்தார்கள். கிடைக்காத நாற்காலியை ஒரு நாளும் மறக்காத நான், இதை மறந்திருக்கிறேன்.

"அப்ப கழிக்கக் கூடாதா சார்?"

"கூடாதும்மா."

"அப்ப அவங்ககிட்ட வந்து சொல்லுங்க சார்."

நான் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன்.

அதிபராக இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன் என்று கமெண்டில் எழுதி யாரும் என்னைத் தேற்ற வேண்டாம்.