தங்கமணியின் கிணறு

தங்கமணியின் கிணறு கெட்டுப்போகும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் அவரைப் பேசவிடாமல் உட்கார வைத்தேன்.

இதை உங்களிடம் சொல்கிறேன். சொல்ல வேண்டியவரிடம் இன்னும் சொல்லவில்லை. அது ஏன் என்பதும் இந்தக் குற்றத்தில் ஒரு பகுதிதான்.

நான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னை விவசாயி. சுற்றுவட்டாரத் தென்னை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவர். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் நான் 'தலைவருங்க'. அந்தச் சொல்லின் மேல் எனக்கு இருந்த ஆசையைக் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள்... நடந்தது எல்லாம் அதனால்தான்.

தேங்காய் விலை அடிமட்டத்தில் கிடந்த காலம் அது. ஏறிப் பறிப்பவருக்குக் கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பறித்த காய்கள் தோப்புகளில் குவிந்து, முளைவிட்டுக் கிடந்தன. அந்த நேரத்தில்தான் கோவையின் பெரிய உணவு நிறுவனம் ஒன்று எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் பவுடர் ஆலை கட்ட வந்தது. அமைச்சருக்கு அதில் விருப்பம். மாவட்ட நிர்வாகத்துக்கும் விருப்பம். ஊர் சம்மதிக்க வேண்டும். ஊரைச் சம்மதிக்க வைக்க நான் வேண்டும்.

அரசு விருந்தினர் மாளிகைக்கு என்னை அழைத்திருந்தார்கள். அமைச்சர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். "உங்களை மாதிரி ஆளுதானுங்க மாநிலத் தென்னைக் குழுவுல இருக்கோணும்" என்றார். எதிரே உணவு நிறுவனத்தின் முதலாளி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தக் கையின் கனம் வீடு வந்து சேரும் வரை என் தோளில் இருந்தது. பெருமையாக இருந்தது. இன்று நினைத்தால் கூசுகிறது... அன்று கூசவில்லையே!

பிறகு அந்த நிறுவனத்தார் வெள்ளகோவில் பக்கம் இருக்கும் தங்கள் பழைய ஆலையைக் காட்ட என்னைக் காரில் கூட்டிப் போனார்கள். வெள்ளைத் தொப்பி மாட்டிவிட்டார்கள். எஃகுத் தொட்டிகள், பளிங்குபோன்ற தரை. வாழையிலை போட்டுச் சாப்பாடும் நடந்தது. சாப்பிட்ட பிறகு காலாற நடக்கலாமென்று நான் மட்டும் மதில் சுவரைச் சுற்றி ஆலையின் பின்பக்கம் போனேன்.

முதலில் வந்தது நாற்றம்தான். புளித்துப்போன மோரும் அழுகிய காயும் கலந்த நாற்றம். ஆலையில் காய் கழுவிய தண்ணீரும் வீணான இளநீரும் வெளுப்பாக ஒரு பள்ளத்தில் இறங்கித் தேங்கி நின்றன. அடுத்த வயலில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"ஏனுங்க, ஆலைக்காரங்களா நீங்க?"

"இல்லைங்க. எங்கூருக்கும் இதே மாதிரி ஆலை வருதுங்க. பாக்க வந்தேன்."

அவர் என்னைத் தம் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். எட்டிப் பார்த்தேன். தண்ணீரின் மேல் பாலேடு போல வெளுப்பான ஆடை படிந்திருந்தது. "ஆடுகூட வாய் வெக்கறதில்லைங்க. நல்லா ரோசன பண்ணிக்கங்க" என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை, புலம்பவில்லை.

நான் திரும்பி வந்து காரில் உட்கார்ந்தேன். "ஆலை எப்படிங்க?" என்று முதலாளி கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்றேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், முதலாளி, அவர்கள் நடுவே நான். கீழே ஊர் முழுவதும். விலை கிடைக்கும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று நான்தான் முதலில் பேசினேன். கை தட்டினார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து தங்கமணி எழுந்தார்.

தங்கமணி யாரென்று சொல்ல வேண்டும். ஆலைக்கு வாங்கிய இடத்தை ஒட்டி அவருடைய சின்னத் தோட்டம். கணவர் இல்லை. கறவை மாடுகள், கொஞ்சம் காய்கறி, ஒரு கிணறு. பயந்தவர் இல்லை. காட்டு யானை தோட்டத்தில் இறங்கிவிட்டால் ஆண்கள் கூடும்வரை காத்திருக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் போகிறவர் அவர்.

"கழிவுத் தண்ணிய எங்க உடுவாங்க? எங்கெணறு பக்கத்துலயே இருக்குதுங்களே" என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். அதிகாரி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வாழ்க்கையில் வந்ததில்லை. நான் பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கலாம். சுத்திகரிப்பு நிலையத்தை முதலில் கட்டு, பிறகு ஆலையைத் திற என்று கேட்டிருக்கலாம். ஊர் என் பின்னால் நின்றிருக்கும்.

"உக்காருங்க அம்மணி" என்றேன். "நான் நேர்ல போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். நிம்மதியாக, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நான் சொன்னதை அவ்வளவு எளிதாக நம்பினார்... யாரையும் நான் அதட்டவில்லை, மிரட்டவில்லை. நம்பிக்கையை வைத்தே வாயை அடைத்தேன்.

ஆலை வந்தது. காய்க்கு விலையும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். என் நிறுவனத்து விவசாயிகள் தலை நிமிர்ந்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். மாநிலக் குழுவிலும் இடம் கிடைத்தது. ஒரு கிணற்றுக்காக இத்தனை பேர் வாழ்வைத் தடுத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன், பல வருடமாக. ஆனால் என்னிடம் யாரும் ஆலையா கிணறா என்று கேட்கவில்லையே... இரண்டையும் காப்பாற்றக் கேட்கும் வாய் எனக்கு இருந்தது. மேடையில் இருந்தவர்கள் முகம் சுளிப்பார்களோ என்றுதான் மூடிக்கொண்டேன்.

அடுத்த மழைக்குப் பிறகு தங்கமணியின் கிணற்றில் ஆடை படிந்தது. அதிகாரிகளோடு நானும் போய் எட்டிப் பார்த்தேன். அதே நாற்றம். "பரிசோதனைக்கு அனுப்பறோம்" என்றார்கள். முடிவு வந்தபோது எல்லாம் அளவுக்குள் இருப்பதாகச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். தங்கமணி சில மாதம் லாரித் தண்ணீர் வாங்கி மாடுகளைக் காப்பாற்றப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக விற்றார். கடைசியில் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் மருமகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன். கூட்டத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. "சர்க்கரையப் பாத்துப்போட்டு வாங்க" என்கிறாள் மனைவி. பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்தத் தரிசு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு தோப்புக்குப் போகிறேன். சுற்றிப் போனாலும் காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது.

போன மாதம் துணிந்தேன். சொல்லிவிடுவதென்று முடிவு செய்து கருமத்தம்பட்டிக்குப் போனேன். தறிச் சத்தம் அதிரும் சந்தில் ஒரு சின்ன வீடு. தங்கமணி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"வாங்க தலைவருங்க. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே..."

நாற்காலி போட்டார். மகளைக் கூப்பிட்டுக் காபி வைக்கச் சொன்னார். மாடுகளைப் பற்றி அவர் பேசவில்லை. யார் வீட்டில் என்ன விசேஷம், அவரைக்காய் என்ன விலை என்று ஊரைப் பற்றித்தான் விசாரித்தார். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, அன்னிக்குக் கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அத உடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? நல்லதுன்னு நெனச்சுத்தான சொன்னீங்க. அவங்க உங்களையும் ஏமாத்திப்போட்டாங்க. உங்களப் பத்தி நான் யாருகிட்டயும் ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்லைங்க. அதுக்காக நீங்க மனசு கொழம்பாதீங்க."

அவர் முகத்தில் என் மேல் இரக்கம் இருந்தது. உண்மையான இரக்கம். 'எனக்குத் தெரியும், பார்த்துவிட்டு வந்துதான் பொய் சொன்னேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அந்த முகம் எப்படி மாறும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், மறுபடியும் தோற்றேன்.

"ஆமாங்க அம்மணி" என்றேன். "நாம எல்லாருமே ஏமாந்துபோட்டோம்."

'நாம' என்றேன். கேட்டீர்களா?

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். உட்கார்ந்தேன். அவர் பரிமாறினார். தட்டில் போட்ட எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டபோது, போடுங்க என்றும் சொன்னேன்.